கர்ணம் வீட்டுப் பெட்டி

1980 நவம்பர் நடுவில் தமிழ்நாட்டுக் கிராமங்களின் நிலக் கணக்கு ஒரே இரவில் ஆளில்லாமல் போனது. எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்து, மணியக்காரர், கர்ணம் ஆகிய பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை அடியோடு ஒழித்துவிட்டது. முந்தின நாள்வரை எந்த நிலம் யாருடையது, யார் எவ்வளவு தீர்வை கட்ட வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் பெற்றிருந்தவர்கள் விடிந்ததும் சாதாரண ஊர்க்காரர்களாகிவிட்டார்கள். அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இருந்த கள்ளக்குறிச்சி தாலுகாவிலும் அதே கதைதான்.

ஆளை நீக்குவது எளிது. ஆளிடம் இருக்கும் கணக்கை வாங்குவதுதான் பாடு. அந்தக் காலத்துக் கர்ணத்துக்கு அலுவலகம் என்று தனியாக ஒன்று கிடையாது. அவர் வீட்டுத் திண்ணைதான் அலுவலகம். அடங்கல், சிட்டா, புலப்படம், ரசீதுப் புத்தகம் எல்லாம் சிவப்புத் துணியில் மூட்டை கட்டி வீட்டுப் பெட்டியில் இருக்கும். பல ஊர்களில் அப்பாவுக்குப் பின் மகன் என்று அந்தப் பெட்டி கைமாறி வந்தது. 1895-ஆம் ஆண்டின் பரம்பரைக் கிராம அலுவலர் சட்டம் அதற்குச் சட்ட அங்கீகாரமும் கொடுத்திருந்தது. பரம்பரை பார்த்து வேலை கொடுப்பது அரசமைப்புச் சட்டத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் 1961-இல் ஆந்திர வழக்கு ஒன்றில் சொன்ன பிறகும் பெட்டி இருந்த வீடு அவ்வளவு சீக்கிரம் மாறிவிடவில்லை. எந்தப் புறம்போக்கை யார் எத்தனை வருஷமாக உழுகிறார்கள், எந்த வரப்பு எப்போது நகர்ந்தது என்பதெல்லாம் ஏட்டில் பாதியும் கர்ணத்தின் மனசில் மீதியுமாக இருந்தது.

பதவி போனவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1982-இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தேர்வாணையம் மூலம் தேர்வான முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர்கள், ஊர்மக்கள் வாயில் இன்றைக்கும் ‘வி.ஏ.ஓ.’, அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பலர் வெளியூர்க்காரர்கள். கையில் வந்தது மூட்டைதான். மனசில் இருந்த மீதிக் கணக்கு வரவில்லை.

கணினிகள் முடங்கி ஒரு நகரத்தின் நிர்வாகம் திகைத்து நிற்பதைப் பற்றி இப்போது அடிக்கடி செய்தி வருகிறது. கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் அந்தத் திகைப்பு கணினிக்கு முன்பே பழகிப்போன ஒன்று. எழுந்து நிற்க உதவிய வழியும் அங்கேயே இருந்தது. அதன் பெயர் ஜமாபந்தி.

வருவாய்த் துறைக்கு ஆண்டு தொடங்குவது ஜூலை 1-ஆம் தேதி. அது பசலி ஆண்டு. 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. முகலாயர் நிர்வாகத்தில் அறுவடையை ஒட்டி வைத்த கணக்கு ஆண்டு, கம்பெனி ஆட்சி போய், ராணி ஆட்சி போய், இன்னும் தாலுகா அலுவலகத்தில் உயிரோடு இருக்கிறது. பசலி முடியும் மே, ஜூன் வாக்கில் ஒவ்வொரு தாலுகாவிலும் ஜமாபந்தி நடக்கும். ஆட்சியரோ வருவாய்க் கோட்டாட்சியரோ வேறு மூத்த அதிகாரியோ வந்து உட்கார, குறுவட்டம் குறுவட்டமாகக் கிராமங்கள் கூப்பிடப்படும். வி.ஏ.ஓ.க்கள் தங்கள் பதிவேடுகளை மேசைமேல் அடுக்குவார்கள்: 2-ஆம் எண் கணக்கான அடங்கல், மரங்களுக்கான 2-சி, தனிநபர் நிலத்தைச் சொல்லும் 10(1) சிட்டா, கிராமத்தின் மூலப் பதிவேடான ‘அ’ பதிவேடு. இந்தப் பக்கம் கிராமக் கணக்கு, அந்தப் பக்கம் தாலுகாக் கணக்கு. இரண்டையும் ஒப்பிட்டு, சரியாக இருந்தால் அதிகாரி கையெழுத்துப் போடுவார். நிலம் அளக்கும் சங்கிலியைக்கூட விரித்துப் போட்டு நீளம் சரியா என்று பார்ப்பது வழக்கம். வருஷம் முழுக்க இழுபட்ட சங்கிலியில் வளையம் தேய்ந்து நீண்டிருந்தால் ஊர் முழுக்க நிலம் சுருங்கிவிடுமே!

பத்திரிகைகளில் ஜமாபந்தி என்றால் ஆட்சியர் மனு வாங்கும் படம்தான் வரும். மனு வாங்குவது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதன் ஆதி வேலை ஒரே கணக்கின் இரண்டு பிரதிகளை வருஷத்துக்கு ஒருமுறை எதிரெதிரே வைத்துப் பார்ப்பது. கர்ணத்தின் பெட்டி தீப்பிடித்தாலும், கரையான் அரித்தாலும், கர்ணமே கோபித்துக்கொண்டு பூட்டி வைத்தாலும், தாலுகாவில் ஒரு பிரதி உண்டு. புலப்படத்துக்குச் சென்னையில் மத்திய நில அளவை அலுவலகம் உண்டு. பதவி ஒழிப்புக்குப் பிறகு கிராம நிர்வாகம் எழுந்து நிற்க முடிந்ததற்கு இந்த இரண்டாம் பிரதி பெரிய காரணம் என்றே சொல்ல வேண்டும்.

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த புத்தி மட்டும் அல்ல. திருக்கோடிக்காவல் கோயிலைச் சோழ அரசி செம்பியன் மாதேவி கற்றளியாகப் புதுப்பித்தபோது, பழைய கோயிலில் கிடந்த கல்வெட்டுகளைப் படி எடுத்துப் புதிய சுவரில் திரும்ப வெட்டச் செய்தார். அவற்றில் பல்லவர் காலத்து ஆவணங்களும் இருந்தன. சுவரை இடித்தால் தானமும் போய்விடும், தானம் போனால் விளக்கு எரியாது என்று அந்த அம்மையாருக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேர்ந்திருக்கும் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயில் சுவர்களில் இருக்கும் சோழர் கல்வெட்டுகளும் ஒருவகையில் நிலப்பதிவேடுதான்.

பதிவேடு கணினிக்குப் போன பிறகு பெட்டியின் உருவம் மாறியது, குணம் மாறவில்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் இதற்கு நல்ல சாட்சி. 2019 மே 7-ஆம் தேதி அந்த நகராட்சியின் கணினிகளை ரேன்சம்வேர் ஒன்று பூட்டியது. திறக்க 13 பிட்காயின் கேட்டார்கள். அன்றைய மதிப்பில் சுமார் 76,000 டாலர். மேயர் கொடுக்க மறுத்தார். மின்னஞ்சல் போனது, தண்ணீர் வரி ரசீது போனது. எல்லாவற்றையும்விட, வீடு விற்பது நின்றுபோனது. விற்கும் வீட்டின்மேல் நகராட்சிக்கு எந்தப் பாக்கியும் இல்லை என்ற சான்று வேண்டும். நம்மூர் வில்லங்கச் சான்று போல என்று வைத்துக்கொள்ளலாம். அதைக் கொடுக்கும் கணினி பூட்டிக் கிடந்தது. வாங்குபவர், விற்பவர், வங்கி என எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியில் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு விற்பனையை நடத்தும் தற்காலிக ஏற்பாட்டைச் செய்தார்கள். கணினி வந்த நகரம் கர்ணம் காலத்துக்கு இறங்கி வந்துதான் மூச்சு விட்டது. சேதமும் சீரமைப்பும் சேர்த்துச் செலவு 1.8 கோடி டாலருக்கு மேல் என்று நகராட்சியே கணக்குச் சொன்னது.

அதைவிடச் சுவையான செய்தி சில மாதம் கழித்து வந்தது. நகரத்தின் தணிக்கையாளர், தகவல் தொழில்நுட்பத் துறையின் செயல்பாட்டு விவரங்களைக் கேட்டிருக்கிறார். இல்லை என்று பதில் வந்தது. ஊழியர்கள் அவற்றைத் தங்கள் மேசைக் கணினியிலேயே வைத்திருந்தார்கள், வேறெங்கும் படி எடுக்கவில்லை, தாக்குதலில் போய்விட்டது. ஊருக்கெல்லாம் பேக்கப் எடுக்கச் சொல்ல வேண்டிய துறையே கோப்பைச் சொந்தப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தது.

பக்கத்துத் தீவில் நடந்தது இன்னும் கொடுமை. இலங்கை அரசின் மேகக் கணினி அமைப்பு 2023 ஆகஸ்டில் ரேன்சம்வேருக்கு இரையானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட gov.lk என்று முடியும் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைப்பை மறுபடி ஓட வைக்க வெகுநேரம் ஆகவில்லை. ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அஞ்சல்களுக்குப் பிரதி இல்லை. இருந்த பேக்கப்பும் அதே வலையமைப்பில் இணைந்திருந்ததால் அதையும் சேர்த்தே பூட்டிவிட்டார்கள். இரண்டாம் பிரதி இருந்தால் மட்டும் போதாது, அது வேறொருவர் கையில், வேறோர் இடத்தில் இருக்க வேண்டும் என்பதை இவ்வளவு விலை கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அங்கே இயங்கிய மின்னஞ்சல் மென்பொருளும் காலாவதியான 2013 பதிப்பு. ஏட்டைக் கரையான் அரிப்பதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்த கணக்கப்பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள்.

நம் பக்கமும் தப்பவில்லை. 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய ‘வான்னாகிரை’ ரேன்சம்வேர், கேரளத்தின் வயநாட்டில் தரியோடு என்ற சிறிய ஊராட்சி அலுவலகத்தின் நான்கு கணினிகளைப் பிடித்தது. திங்கட்கிழமை அலுவலகம் திறந்தவர்களிடம் திரை 300 டாலர் கேட்டது. 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தின் பொதுத் துறைக் கணினிகளுக்குள் ரேன்சம்வேர் நுழைந்து 1,950 டாலர் கேட்டது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனமும் சைபர் அவசர உதவிக் குழுவும் வந்து பார்க்க வேண்டியிருந்தது. தமிழ்நாடு சைபர் பாதுகாப்புக் கொள்கையை வெளியிட்டு அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

போன கணக்கைத் திரும்ப எழுதுவதில் இருக்கும் ஆபத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதற்குக் கள்ளக்குறிச்சி விவசாயியைத்தான் கேட்க வேண்டும். அவர் வாயில் வரும் முதல் சொல் ‘யு.டி.ஆர்.’

கர்ணம் பதவி போன அதே காலத்தில்தான் நிலவுடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். திட்டமும் நடந்தது. 1979-இல் தொடங்கி 1987 வாக்கில் முடிந்தது. தாத்தா பெயரில் கிடந்த பட்டாவைப் பேரன்கள் பெயருக்கு மாற்றுவது, ஏக்கர் சென்ட்டை ஹெக்டேர் ஏர்ஸுக்கு மாற்றுவது, உட்பிரிவுகளைச் சேர்ப்பது என்று ஒட்டுமொத்தப் பதிவேட்டையும் புதிதாக எழுதினார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் பழைய கர்ணம் விலகி, புதிய ஆள் ஊரை அறியாத நேரத்தில், அவசரத்தில் எழுதப்பட்ட ஏடு அது. அண்ணன் பெயர் விழுந்தது, தம்பி பெயர் விடுபட்டது. முனுசாமி மகன் கோவிந்தன் நிலம் பச்சையப்பன் மகன் கோவிந்தன் பெயருக்குப் போனது. ஒரு சென்ட் அங்கே குறைந்தது, இங்கே கூடியது. பட்டா நிலம் புறம்போக்கானது.

பிறகு அந்த ஏட்டைப் பார்த்துத்தான் கணினியில் ஏற்றினார்கள். ‘தமிழ்நிலம்’ மென்பொருள் வந்தது, பட்டா, சிட்டா, அ பதிவேடு, புலப்படம் எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன, பட்டாவில் கியூ.ஆர். குறியீடுகூட இருக்கிறது. யு.டி.ஆரில் விழுந்த பிழையும் அதே மிடுக்கோடு கியூ.ஆர். குறியீட்டுடன் அச்சாகி வருகிறது, கூடவே தட்டச்சில் சேர்ந்த புதுப் பிழைகளும். நாற்பது வருஷம் கழித்து இன்றும் மாவட்ட வருவாய் அலுவலரின் மேசையில் ‘யு.டி.ஆர். பிழை திருத்தம்’ என்ற தலைப்போடு மனுக்கள் குவிகின்றன. திருத்த வேண்டுமானால் எதைக் காட்டுவது? யு.டி.ஆருக்கு முந்தைய அ பதிவேட்டைத்தான். கணக்கன் கெட்டால் பழங்கணக்கு பார்ப்பான் என்பது பழமொழி. இங்கே கெட்டது கணக்கு. கணக்கனுக்கு ஒரு சேதமும் இல்லை. ஆனாலும் போகிற இடம் அதே பழங்கணக்குதான்.

இதில் மாவட்டப் பெயர் மாறிய கூத்து வேறு. 1993 செப்டம்பர்வரை தென்னாற்காடு. அதன்பின் விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம். 1997-இல் தலைவர்கள் பெயர்களை எடுத்தபோது வெறும் விழுப்புரம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி. நிலம் ஓர் அடி நகரவில்லை. நாற்பது வயது விவசாயியின் கையில் உள்ள நான்கு தாள்களில் நான்கு மாவட்டம். ஒவ்வொரு பிரிவினையிலும் மூட்டைகள் ஒரு பதிவறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகின்றன. எந்த மூட்டை எங்கே போனது என்பதை அறிந்த பழைய எழுத்தர் ஓய்வு பெற்றுவிட்டால், இருக்கும் ஆவணமும் இல்லாத ஆவணமும் ஒன்றே.

புதிய மாவட்டம் பிறந்து மூன்று வருஷம் ஆவதற்குள் ஒரு சோதனை வந்தது. சின்னசேலம் அருகே கனியாமூரில் தனியார் பள்ளி மாணவி ஒருவரின் மரணத்தை ஒட்டி 2022 ஜூலை 17 அன்று வெடித்த கலவரத்தில் பள்ளிப் பேருந்துகள் எரிந்தன, வகுப்பறைகள் சூறையாடப்பட்டன, மாணவர்களின் சான்றிதழ்களும் தீயில் போயின. மாற்றுச் சான்றிதழ் தருவதாக அரசு அறிவித்தது. எதை எளிதில் தர முடிந்தது என்று பார்த்தால் மறுபடியும் அதே சங்கதி புரியும். மதிப்பெண் சான்றிதழுக்கு மூலம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் இருக்கிறது. சாதிச் சான்றிதழ் வருவாய்த் துறைப் பதிவில் இருக்கிறது. பெயரும் பிறந்த தேதியும் வகுப்பும் கல்வித் துறையின் ‘எமிஸ்’ தளத்தில் இருக்கின்றன. பள்ளி அலமாரியில் மட்டுமே இருந்த தாளுக்குத்தான் வழியில்லை. கணினிமேல் எவ்வளவு குறை சொன்னாலும், அந்தத் தீயில் பிள்ளைகளைப் பாதி காப்பாற்றியது அதுதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னது எல்லாம் சமவெளிக் கதை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏறினால் கல்வராயன் மலையின் கரியாலூர், வெள்ளிமலை. அங்கே போனால் கதையே வேறு. தொலைந்துபோவதற்கே அங்கு முதல் பிரதி இருக்கவில்லை.

கம்பெனி அதிகாரி மன்றோ காலத்தில் உழவன் பெயரில் நேராக நிலத்தை எழுதி வரி போட்ட ரயத்துவாரி முறை மலைமேல் ஏறவில்லை. கல்வராயன் மலை சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்களாக இருந்தது. கிருஷ்ணதேவராயர் கொடுத்த மானியம் என்பது அவர்கள் தரப்பில் சொல்லப்பட்டு வரும் செய்தி. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகள் காஞ்சிபுரத்திலிருந்து ஏறி வந்தவர்கள் என்பது மக்கள் சொல்லும் கதை. நாடு விடுதலை அடைந்தது, ஜமீன்கள் ஒழிந்தன, மலையில் ஜாகிர்தார் நிர்வாகம் 1976-இல் அரசு ஏற்கும்வரை நீடித்தது. கீழே ஜமாபந்தியில் நூறு வருஷத்துக்கும் மேலாக அடங்கலையும் சிட்டாவையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மேலே எந்தக் காடு யாருடையது என்பது ஊர்ப் பெரியவர் நினைவில் இருந்தது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் தொடர்ச்சியாகச் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கை எடுத்தபோது இந்தப் பழைய வரலாறு பொதுவெளிக்கு வந்தது. மலை அரசின் கைக்கு வந்தும் இருபது வருஷம் கழித்து, 1996-இல்தான் அம்மக்கள் ஓட்டுப் போட்டார்கள் என்ற தகவலும் அப்போது நீதிமன்றத்தின் முன் வந்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை என்று நீதிமன்றம் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அடியில் இருப்பது ஒரு தாள்: குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், பட்டா. பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அப்பா, தாத்தா பெயரில் ஆவணம் கேட்பார்கள். தாத்தா காலத்தில் அரசே மலையில் இல்லையே!

இந்த இடத்தில் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் செய்த ஒரு காரியத்தைப் பாராட்ட வேண்டும். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து நிலத்தை அனுபவித்து வருகிறோம் என்று காட்ட அதன் விதிகள் கேட்கும் சான்றுகளில், ஊர்ப் பெரியவர்கள் சொல்லி எழுதிவாங்கிய வாக்குமூலமும் ஒன்று. ஏடே இல்லாத ஊரில் பெரியவரின் நினைவையே சட்டம் பிரதியாக ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவு ஒன்றால் உரிமைப் பட்டா வழங்குவது பல வருஷம் முடங்கி, 2016-இல்தான் வழி திறந்தது. அந்த இடைவெளியில் எத்தனை பெரியவர்கள் போய்ச் சேர்ந்தார்களோ. போன ஒவ்வொருவரோடும் ஒரு பதிவேடு போனது. அதை எந்த சர்வரிலிருந்தும் மீட்க முடியாது. ஆகவே கல்வராயன் மலையில் இன்னும் வாக்குமூலம் எழுதாத கிராமங்களில் கிராம சபை கூட்டி அதை எழுதி முடிப்பது மாவட்ட நிர்வாகத்தின் அவசர வேலை. சிக்னல் விட்டுவிட்டு வரும் மலையில் இ-சேவை மையம் திறப்பது அதற்கு அடுத்தபடிதான்.

கீழே இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. இணையத்தில் தெரியும் பட்டாவை இன்றே அச்சிட்டு, தேதி போட்டு வையுங்கள். அது மட்டும் போதாது, யு.டி.ஆருக்கு முந்தைய அ பதிவேட்டில் உங்கள் புல எண்ணுக்கு நேரே யார் பெயர் இருந்தது என்பதன் சான்றிட்ட நகலையும் வாங்கிவிடுங்கள். தாலுகா அலுவலகத்தில் கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதலாம். மனுவில் ஒட்ட வேண்டிய நீதிமன்ற வில்லை 10 ரூபாய்.